தலை போன போல்ட்

"நாலு மாசம் ஆச்சு மேஸ்திரி. இன்னும் என்னைத் துரு தேய்க்கத்தான் விடுதிய."

செல்லக்கனி தலை நிமிரவில்லை.

"தேய்ச்சாச்சா?"

"ஆச்சு."

"எங்க, காட்டுங்க."

தவசிமுத்து கையிலிருந்த இரும்புத் துண்டை நீட்டினான். அவள் அதை வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். விரல் நுனியில் செங்கல் நிறத்தில் பொடி.

துண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் கம்பி பிரஷை எடுத்தான். காது மடல் சுட்டது. ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் லாரிக்கு அடியில் படுத்துப் புரண்டவன். பதினேழு வயது இளையவள் சுண்டுவிரலைக் காட்டினால் இவன் பிரஷை எடுக்க வேண்டும்.

தேய்த்தான். யார் முகத்தையோ தேய்ப்பதுபோலத் தேய்த்தான்.

*

தூத்துக்குடியிலிருந்து உப்பளத்துக்குப் போகிற ரோட்டில், கடைசி டீக்கடையும் முடிந்த பிறகு இருந்தது அந்த ஷெட். பெயர்ப் பலகை கிடையாது. தேவையும் இல்லை.

உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் அது. போல்ட் ஒடிவது அன்றாடம் நடப்பது. ஒடிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எந்த மெக்கானிக்கும் எடுத்துவிடுவான். உள்ளேயே ஒடிந்து, அதை எடுக்கப் போய் ஒருவன் கெடுத்து, கெட்டதைச் சரிசெய்யப் போய் இன்னொருவன் மேலும் கெடுத்தது செல்லக்கனியிடம் வரும்.

அவள் ஒரு சரக்குத் தளத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலையில் பன்னிரண்டு வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவள். இப்போது எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். அவள் கை வைத்து வெளியே வராத போல்ட் இல்லை என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

தவசிமுத்து முதல் நாள் வந்து நின்றபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தொழில் தெரிஞ்ச ஆளு. எதுக்கு அண்ணாச்சி இங்க வந்திய?"

"ஒடிஞ்ச போல்ட்டைக் கண்டா எனக்கு வெறி வருது. எடுக்கத் தெரியாததுனாலதான் வருது. எடுக்கத் தெரிஞ்சிட்டா வராது."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"ஏற்கெனவே வெறி வந்து என்ன ஆச்சு?"

அவன் சொன்னான்.

அவனும் தம்பி பொன்னுத்துரையும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். ஒருநாள் தம்பி ஒரு போல்ட்டை உள்ளேயே ஒடித்துவிட்டான். மூன்று மணி நேரம் போராடியும் வரவில்லை. தவசிமுத்துவின் கையில் ஸ்பானர் பிடியை நீட்ட மாட்டுகிற இரும்புப் பைப் இருந்தது. அதை வீசினான். அது தம்பியின் வலது மணிக்கட்டில் பட்டது.

"வேணும்னு வீசலை" என்றான்.

இதையே ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தான். பெண்டாட்டியிடமும் சொல்லியிருந்தான். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். தம்பி அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்லக்கனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூலையிலிருந்த கம்பி பிரஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

*

அன்று சித்திரை வெயில் காலையிலேயே தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஓர் உப்பு லாரி, பின்னால் ஒரு தண்ணீர் டேங்கரைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

டேங்கரிலிருந்து டிரைவர் இறங்கினான்.

பொன்னுத்துரை.

தவசிமுத்துவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. பைப்பை வீசிப் பதினாலு மாதம். தம்பி டிரைவராகப் போய்விட்டான் என்று காதில் விழுந்திருந்தது. எந்த வண்டி என்று தெரியாது.

பொன்னுத்துரை அண்ணனைப் பார்த்தான். ஷெட்டின் தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு தாண்டி நடந்தான்.

"மேஸ்திரி, தண்ணி நிரப்பப் போற வழியில எஞ்சின் துள்ள ஆரம்பிச்சிட்டு. ஃபேன் ரேடியேட்டர் கூட்டுல போய் அடிக்கி. எஞ்சினைத் தாங்குற வலப்பக்க மவுண்ட்ல மூணு போல்ட். ஒண்ணு ரோட்டுல விழுந்துட்டு. ரெண்டு ஒடிஞ்சு எஞ்சின் பிளாக்குக்குள்ள நிக்கி."

"எங்க போற தண்ணி?"

"உப்பளக் குடியிருப்புக்கு. அறுபது வீடு. நேத்தே போயிருக்கணும். வேற வண்டி கிடையாது."

செல்லக்கனி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். கொஞ்ச நேரம் அவள் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, அண்ணனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எடுங்க."

"நானா?"

"நாலு மாசமாக் கேட்டியளே."

*

ஆயில் தொட்டிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கி போட்டு எஞ்சினைத் தாங்கினான். முன்சக்கரத்தைக் கழற்றினான். எஞ்சினைத் தாங்கியிருந்த பிராக்கெட்டைக் கழற்றி எடுத்தான். அது வரைக்கும் கை சுத்தமாக வேலை செய்தது.

பிறகு சந்துக்குள் தலையை நுழைத்து டார்ச் அடித்தான்.

பிளாக்கின் பக்கவாட்டில் மூன்று ஓட்டைகள். ஒன்று காலி. அதன் திருகு மரையெல்லாம் தேய்ந்து பளபளத்தது. மேல் ஓட்டையில் போல்ட் கால் அங்குலம் உள்ளே ஒடிந்து நின்றது. கீழ் ஓட்டையில் ஒடிந்தது ஓர் அரிசியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பளபளப்பைப் பார்த்த உடனே அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"மூணு வாரமா தளர்ந்து ஆடியிருக்கு!" தலையை வெளியே இழுத்துக்கொண்டு கத்தினான். "ஒண்ணு தளர்ந்து, அது சுமந்த பாரத்தையும் மத்த ரெண்டும் சுமந்து, சுமக்க முடியாம ஒடிஞ்சிருக்கு. ஓட்டுனவன் காதுல என்ன, ஈயத்தையா காய்ச்சி ஊத்தியிருக்கு? இவனும் ஒரு மெக்கானிக்கா இருந்தவன்தான! ஒரு முறுக்கு முறுக்கியிருந்தா இது நடக்குமா? ஒரே ஒரு முறுக்கு!"

பொன்னுத்துரை செல்லக்கனியிடம் திரும்பினான். நிதானமாகத்தான் பேசினான். ஆனால் தாடை இறுகியிருந்தது.

"மேஸ்திரி, சத்தம் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். ஓனர்ட்ட சொன்னேன். அடுத்த வாரம் பாப்போம்னாரு. நானே முறுக்கிருவோம்னு படுத்தேன். சக்கரம் மாட்டியிருந்தா அந்தச் சந்துக்குள்ள வலது கை மட்டும்தான் போவும். போச்சு. ஸ்பானரையும் மாட்டிட்டேன்."

நிறுத்தினான்.

"கை திரும்பலை."

ரோட்டில் ஓர் உப்பு லாரி கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை மூவரும் அப்படியே நின்றார்கள்.

தவசிமுத்துவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ இடறியது. இடறியது என்று தெரிந்த அடுத்த நொடி அதுவும் கோபமாக மாறிவிட்டது. அவனுக்கு எல்லாமே அப்படித்தான் மாறும்.

"சுத்தியலைக் குடுங்க" என்றான்.

செல்லக்கனி கொடுக்கவில்லை. "தொட்டுப் பாத்தியளா அண்ணாச்சி?"

"எதை?"

"ஒடிஞ்சு நிக்கிறதை."

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

"எப்படி இருக்கு?"

"பாறை மாதிரி இருக்கு. சுத்தியலைக் குடுங்க."

கொடுத்தாள்.

*

மேல் ஓட்டையில் ஆரம்பித்தான். டிரில் இறங்குவதற்குப் போல்ட்டின் நடுவில் உளியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரண்டு மெல்லிய தட்டு போதும். அவன் ஏழு அடி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முகம் வந்தது. அடுத்த வாரம் பார்ப்போம் என்ற ஓனர். தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்த தம்பி. சுண்டுவிரலைக் காட்டுகிறவள்.

புள்ளி நடுவில் விழவில்லை. அது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினான். ஓட்டை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது.

அந்த ஓட்டைக்குள் ஈஸி அவுட்டை விட்டான். இடப்பக்கம் முறுக்க முறுக்க உள்ளே கவ்விக்கொண்டு போல்ட்டை வெளியே கொண்டுவருகிற கருவி அது. கெட்டி எஃகு. முறுக்கினான். போல்ட் அசையவில்லை. இன்னும் முறுக்கினான்.

"மெல்ல" என்றாள் செல்லக்கனி.

பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் கொடுத்தான்.

டிக்.

சின்னச் சத்தம். கைப்பிடி மட்டும் சுழன்று கையோடு வந்தது. ஈஸி அவுட்டின் முனை போல்ட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றது.

இனி அதில் டிரில் இறங்காது. இரும்பை அறுக்கிற எந்தக் கருவியையும்விடக் கெட்டியான ஒன்றை அந்த ஓட்டைக்குள் அவனே அடைத்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் குடியிருப்புப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். எட்டுப் பேர். இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்த முகங்கள். இடுப்பில் காலிக் குடங்கள். முன்னால் வந்தவள் இசக்கியம்மாள்.

"ஏ டிரைவரு, வண்டி எப்பம் வரும்?"

பொன்னுத்துரை எஞ்சினைக் கைகாட்டினான்.

"கையைக் காட்டினா? நேத்து ராத்திரியே குடத்தைக் கவுத்தாச்சு. பிள்ளைக்கு மாவு கரைக்கத் தண்ணி இல்ல. நாங்க உப்பளத்துக் கழிவையா குடிப்போம்?" அவள் வாசலுக்கு வெளியே குடத்தை இறக்கிவைத்து, நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "இந்த ஆளு என்ன, முழிச்சுக்கிட்டு நிக்காரு?"

தவசிமுத்துவுக்குக் கண் இருட்டியது. கையிலிருந்த சுத்தியல் எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது. ஷெட் வாசல் வழியாகப் பறந்தது. வெளியே படீரென்று ஒரு சத்தம். இசக்கியம்மாள் கீழே இறக்கிவைத்திருந்த பச்சைக் குடம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி அவள் கால்.

"வேணும்னு வீசலை!" என்றான் தவசிமுத்து.

சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது.

பொன்னுத்துரை சிரித்தான். சந்தோஷம் துளியும் இல்லாத சிரிப்பு. திண்டில் போய் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இசக்கியம்மாள் உடைந்த குடத்தையும் தவசிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க சண்டை எதுவா இருந்தாலும் வீட்ல வச்சுக்கிடுங்க. எங்க தாகத்துக்கு நடுவுல கொண்டு வராதிய" என்றாள். குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல.

செல்லக்கனி வெளியே நடந்தாள். உடைந்த குடத்துக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்தாள். சேலை மேல் போட்டிருந்த சட்டையில் அதைத் துடைத்தாள். திரும்பி வந்து தவசிமுத்துவின் கையில் வைத்தாள்.

"இன்னும் பெருசு வேணுமா அண்ணாச்சி?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

அவள் ஷெட்டில் இருந்த குடிதண்ணீர் கேன் இரண்டையும் தூக்கி இசக்கியம்மாளிடம் கொடுத்தாள். "பிள்ளையளுக்கு இதைக் கொண்டு போங்க. வண்டி இன்னைக்கு வரும்."

"யாரு எடுப்பா? நீங்களா?"

"கெடுத்தவருதான் எடுப்பாரு."

*

கெட்டி எஃகு டிரில்லுக்கு மசியாது. ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும். செல்லக்கனி ஒரு சின்ன ஊசி உளியைக் கொடுத்தாள். குழந்தை விளையாடுகிற அளவில் ஒரு சுத்தியல்.

"பொடிப்பொடியா உடைச்சு எடுங்க."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"நீங்க எப்படி அடிக்கியளோ அப்படி."

அவன் சந்துக்குள் தலையை விட்டான். தட்டினான். உளி வழுக்கி விரலைக் கிழித்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். தட்டினான். மறுபடி வழுக்கியது.

கோபம் ஏறும்போதெல்லாம் உளி வழுக்கியது. அது ஏறுவது அவனுக்குத் தெரியும் முன்பே உளிக்குத் தெரிந்தது. தோளில் ஒரு இறுக்கம், உடனே வழுக்கல். தோளை விட்டான். தட்டினான். கடுகளவு ஒரு துணுக்கு தெறித்தது. காந்தக் குச்சியால் அதை வெளியே எடுத்துத் துணியில் வைத்தான்.

ஒரு மணி நேரத்தில் பதினோரு துணுக்கு.

வெயில் தகரத்தை விட்டு நகரவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பெண்களில் இருவர் மட்டும் கேனை எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஷெட் நிழலில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை முதுகில் சூடு வைப்பதுபோல இருந்தது. திரும்பிக் கத்தலாம் என்று தோன்றியது. திரும்பவில்லை. திரும்பினால் உளி வழுக்கும்.

கடைசித் துணுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"அடுத்து?"

"போல்ட்டு மேல ஒரு நட்டை வச்சுப் பத்த வைங்க."

வெல்டிங் கம்பியை ஓட்டைக்குள் விட்டு, உள்ளே நின்ற போல்ட்டின் மேல் இரும்பை உருக்கி நிரப்பி, வாய்வரை கொண்டுவந்து, அதன் தலையில் ஒரு நட்டை ஒட்டினான். போன தலைக்குப் பதிலாக ஒரு தலை. நட்டு சிவப்பாகக் கனன்று, மெல்ல மங்கியது. செல்லக்கனி ஒரு மெழுகுவர்த்தியை அதன் ஓரத்தில் தொட்டாள். மெழுகு உருகி, மரை வழியாக உள்ளே உறிஞ்சிக்கொண்டு போனது.

தவசிமுத்து ஸ்பானரை எடுத்தான்.

"இப்பம் திருப்பவா?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டான். விரலை உதறிக்கொண்டு கையை இழுத்தான்.

அவள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

அவனால் உட்கார முடியவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்த் தொட்டான். இரண்டு தடவையும் சுட்டது. மூன்றாம் தடவை விரல் நின்றது.

"முதல்ல இறுக்குங்க" என்றாள்.

"கழத்தணும்னுதான நிக்கோம்?"

"இறுக்குங்க. ஒரு மயிரிழை."

இறுக்கினான். உள்ளே எங்கோ கிறீச்சென்றது.

"இப்பம் விடுங்க. ஒரு மயிரிழை."

விட்டான். மறுபடி இறுக்கினான். மறுபடி விட்டான். மயிரிழை நூலாயிற்று. நூல் கால் சுற்றாயிற்று. போல்ட் மெழுகோடும் துருவோடும் முனகிக்கொண்டே வெளியே வந்து, அவன் உள்ளங்கையில் விழுந்தது.

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. பொன்னுத்துரை எழுந்து நின்றான். பிறகு, ஏன் எழுந்தோம் என்பதுபோல, மறுபடி உட்கார்ந்தான்.

*

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றான் தவசிமுத்து. "அதுக்கும் மூணு மணி நேரம் ஆவுமே மேஸ்திரி. அதுவரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க."

"தொட்டுப் பாருங்க."

இந்தத் தடவை அவன் தொட்டான். கீழ் ஓட்டையில் அரிசியளவு நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒடிந்த முனையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தான்.

அசைந்தது.

அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை திருப்பினான். சுற்றியது. விரலாலேயே சுற்றி, சுற்றி, ஒன்றரை அங்குல போல்ட்டை வெளியே எடுத்துவிட்டான். அரை நிமிஷம் ஆகவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது பிடிச்சுக்கிட்டே இல்லையே மேஸ்திரி."

"தலை போன உடனே இழுத்துப் பிடிச்ச இறுக்கமும் போயிருது. அதுக்கு அப்புறம் அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"அப்ப மேல உள்ளது?"

அவள் துணியில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தாள்.

"அதுவும் இப்படித்தான் நின்னுதா? ஒரு ஊசி முனையை வச்சுத் தள்ளியிருந்தாலே வந்திருக்குமா? நான் அடிச்ச ஏழு அடியிலதான் அது இறுகிச்சா?" அவன் குரல் ஏறியது. "தெரிஞ்சுக்கிட்டேவா உக்காந்திருந்திய? வெளிய இத்தனை பேரு தண்ணி இல்லாமக் கிடக்கையில? ஏன் சொல்லலை?"

செல்லக்கனி பெட்டியிலிருந்து எழுந்தாள். அவள் முகத்தில் கோபத்தை அவன் இந்த நாலு மாதத்தில் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். சத்தம் இல்லாத கோபம்.

"உங்களுக்குக் குடுத்தது என் தப்பு. அந்தக் குடமும் என் கணக்குலதான். அதை அவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." ஓர் எட்டு முன்னால் வைத்தாள். "நான் கேட்டேன். தொட்டுப் பாத்தேன்னு சொன்னிய. பாறை மாதிரி இருக்குன்னு சொன்னிய. சொல்லுங்க அண்ணாச்சி. தொட்டப்ப எப்படி இருந்தது?"

அவன் பதில் தேடினான். ஷெட் முழுக்கத் தேடினான். கடைசியில் அவன் பார்வை போய் நின்ற இடத்தில் பொன்னுத்துரை உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தக் கை.

பதினாலு மாதத்தில் ஒரு நாள்கூட அவன் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது வராந்தாவில் நின்று டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தான். கட்டுப் பிரித்தபோது போகவில்லை. இனி தம்பி மனசு இரும்புதான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

"தொடலை" என்றான். "பொய் சொன்னேன்."

"போய் மரையைச் சுத்தம் பண்ணுங்க" என்றாள் செல்லக்கனி.

*

மரையைச் சுத்தம் செய்தான். மேல் ஓட்டையில் கொஞ்சம் மரை சேதம். அதில் புதிதாக மரை வெட்டினான். பிராக்கெட்டை வைத்து மூன்று புதுப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் போட்டான். மூன்றும் சமமாக உட்கார்ந்த பிறகுதான் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை எடுத்தான். ஒன்றைக் கொஞ்சம், அடுத்ததைக் கொஞ்சம். யாரும் மெல்ல என்று சொல்லவில்லை.

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினான்.

பொன்னுத்துரை ஏறி எஞ்சினை எழுப்பினான். எஞ்சின் துள்ளவில்லை. சீராக உறுமிக்கொண்டு நின்றது.

பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு டேங்கருக்குப் பின்னால் இருந்த ஏணியில் தொற்றிக்கொண்டார்கள். நிரப்பும் இடத்திலிருந்து வண்டியோடே வீட்டுக்குப் போய்விடலாம். இசக்கியம்மாள் மட்டும் தவசிமுத்துவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் கைகூப்பினான். அவள் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. போய் ஏறிக்கொண்டாள்.

தவசிமுத்து துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மேஸ்திரி."

"ம்."

"அவன்ட்ட என்ன சொல்ல?"

"யார்ட்ட?"

"தம்பிட்ட."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது போல்ட்டு மட்டும்தான்."

அவன் நின்றான். அவள் கருவிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"புதுசாப் போட்ட மவுண்ட் போல்ட்டு. பாரம் ஏறி ஓடினா கொஞ்சம் தளரும். தண்ணி ரொப்பின பிறகு ஒருக்கா முறுக்கணும். குடியிருப்புல இறக்கின பிறகு ஒருக்கா. அப்புறம் ஒரு வாரத்துக்குத் தினமும். திரும்புற கையா இருக்கணும்."

"அப்ப நாளைக்கு நான் இங்க வரவேண்டாமா?"

"நாளைக்கு அந்த வண்டி எங்க நிக்குமோ, அங்க போங்க."

டேங்கர் நகர ஆரம்பித்தது. தவசிமுத்து ஓடினான். ஐம்பத்திரண்டு வயது ஓட்டம். இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். "நிறுத்து" என்று சொல்ல வாய் வரவில்லை.

வண்டி நின்றது.

அவன் கதவைத் திறந்தான். படியில் ஒரு காலை வைத்தான். பொன்னுத்துரை அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே உப்பள ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் இருந்த வலது கை, கோணலாகக் கூடிய அந்தக் கை, இறுகியது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இறக்கிவிடப் போகிறான் என்று தவசிமுத்து நினைத்தான். இறக்கிவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான்.

"வெறுங்கையோடயா வாரே?" என்று பொன்னுத்துரை கத்தினான். "போ! போய் பத்தொம்பது ஸ்பானரை எடுத்துட்டு ஏறு!"